மூன்று டப்பாக்காரர்

சர்க்கரையை விட்டவர்கள் ஓர் இனம், விடாதவர்கள் இன்னோர் இனம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பிறவி உண்டு: சர்க்கரைக்குப் பதிலாக எதைப் போடலாம் என்று ஆராய்ந்துகொண்டே இருப்பவர். உங்கள் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். தேட வேண்டியதில்லை, தேநீர் நேரத்தில் தானே அகப்படுவார்.

நம் கண்ணாடிக்கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். காலை முதல் மாலை வரை ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதே அவர் பிழைப்பு. அப்படிப்பட்டவரிடம் போய் டாக்டர், மூன்று மாதத்தில் ரத்தத்தில் சர்க்கரை குறையாவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான் என்று சொன்னால் என்ன ஆகும்? வேறு யாராவது என்றால் பயந்துபோய் இனிப்பை நிறுத்தியிருப்பார். இவரும் பயந்தார், பொய் சொல்லக் கூடாது. இதே வியாதியில் அண்ணனுக்குக் கால்விரல் இரண்டு போனதைக் கூடவே இருந்து பார்த்தவர். ஆனால் பயந்த கையோடு கடைக்குப் போய், சர்க்கரைக்குப் பதிலாகப் போட மூன்று டப்பா வாங்கிவந்தார்.

ஒன்றில் சீனித்துளசித் தூள், ஒன்றில் மாங்க் ஃப்ரூட் என்ற சீனப் பழத்தின் பொடி, ஒன்றில் எரித்ரிட்டால் என்ற வெள்ளைப் பொடி. மூன்றும் இயற்கை, மூன்றிலும் கலோரி பூஜ்யம் என்று டப்பாவே சொல்லிற்று. அன்றிலிருந்து அவர் கடைக்கு வந்தவன் கண்ணாடி வாங்கினானோ இல்லையோ, சீனித்துளசி குடித்து முடித்தபின் கசக்கும், எரித்ரிட்டால் நாக்கைச் சில்லிட வைக்கும், மாங்க் ஃப்ரூட் பழகப் பழகத்தான் பிடிபடும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் வெளியே போனான். கண் சோதனைப் பலகையின் கடைசி வரியைப் படிக்கத் திணறிக்கொண்டிருந்த ஒரு டீச்சர், ஆளை விட்டால் போதும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டி, தேவையில்லாத பவரில் கண்ணாடி மாட்டிக்கொண்டு போனார்.

வீட்டில்? கேட்கவே வேண்டாம். தினமும் மூன்று கோப்பைத் தேநீர், பக்கத்தில் மதிப்பெண் நோட்டு. கலந்து வைப்பது மனைவி. எதில் எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். பாரபட்சம் வரக் கூடாதாம். ஒரு கோப்பைக்கும் அடுத்த கோப்பைக்கும் நடுவே வாயைச் சுத்தப்படுத்த இரண்டிரண்டு கிரீம் பிஸ்கட். தேநீரில்தான் மிச்சம் பிடித்தாயிற்றே, பிஸ்கட்டில் என்ன வந்துவிடும்?

மூன்றாவது மாதம் ரிப்போர்ட் வந்தது. குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. மனுஷனுக்கு முகம் செத்துப்போயிற்று. அண்ணன் காலைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், நேரே நோட்டை எடுத்தார். ஏதோ ஒரு டப்பாவில் சர்க்கரையைக் கலந்து விற்றிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். ஆதாரம்? முந்தாநாள் இரண்டாம் கோப்பைக்கு அவரே ஒன்பது மதிப்பெண் போட்டிருக்கிறார். அவ்வளவு தித்திப்பு இயற்கையில் கிடையாதாம்.

பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்த மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"டப்பா மூணும் தீர்ந்து ஒரு மாசமாச்சு," என்றாள். "நான் எதுலயும் எதுவும் போடறதில்ல. வெறும் டீதான் குடிச்சிட்டிருக்கீங்க."

அவர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"உங்களுக்கு டீக்கு இனிப்பே வேண்டாங்க. அந்த பிஸ்கட்டை மட்டும் விடுங்க. எனக்கு நீங்க வேணும்."

நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். கசப்பு, குளிர்ச்சி, ஆறு, ஏழரை, ஒன்பது. எல்லாம் அவர் கையெழுத்துதான். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த இனத்தில் ஒருவராவது திருந்தினார் என்று நாமும் நம்பத் தொடங்கினோம்.

"சரி, விட்டுடறேன்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "பிஸ்கட்டுக்குப் பதிலா எதைச் சாப்பிடலாம்? கடையில மூணு வகை பார்த்தேன்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த மூன்று டப்பாவில் எது நல்லது என்று இதை எழுதுகிறவன் கடைசியிலாவது சொல்லிவிடுவான் என்று இவ்வளவு தூரம் படித்துவந்தீர்களே, அதை நான் கவனிக்காமல் இல்லை.