பி பிளாக் மொட்டைமாடித் தன்னாட்சிப் பெரும்போர்

வாழ்க பிலோமின்ராஜ்! அம்மா மண்டபம் சாலையிலிருந்து காவிரியை நோக்கிச் சரியும் சந்தில், பொன்னி என்கிளேவ் என்னும் இருபது வீட்டுப் பெருங்கோட்டையின் பி பிளாக் மூன்றாம் மாடியை ஆளும் மாவீரன், பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் அயர்லாந்து பட்ட பாட்டைப் பதினோராண்டு அரும்பாடுபட்டு ஆராய்ந்து, நானூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேடாக்கி, தேர்வாளர் மூவரைத் தவிர எவர் கண்ணிலும் படாமல் அதைக் காத்து வரும் கல்விக்கடல், கல்லூரி வரலாற்றுத் துறையின் கண்ணாடி அணிந்த கோளரி, வாழ்க, வாழ்க! அவன் வீரத்தை விரித்துரைக்குமுன், அந்த வீரத்துக்கு வேலை வைத்த கூத்தும் அவனே செய்ததுதான் என்று ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. வடகப் பேரரசியும், கூழைக் காய்ச்சிக் கதிரவன்முன் விரித்து அவன் கையாலேயே மொறுமொறுப்பு வாங்கிவிடும் வல்லமை படைத்தவளும், நம் வீரனின் மனைவியுமாகிய ஜோதி ஆணையிட்டாள்: “மாடியைக் கழுவி விட்டுட்டு வாங்க. குழாயை மறக்காம மூடுங்க.”

ஒரு கையில் ரப்பர் குழாய், மறு கையில் தன் ஆய்வேடு என்று படியேறினான் வீரன். குழாயைத் திறந்தான், ஏட்டையும் திறந்தான். 1881-ஆம் ஆண்டு லண்டன் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து பேசிப் பேசியே அவையை நாற்பத்தொரு மணி நேரம் உறங்கவிடாமல் அடித்த அத்தியாயம் அது. தான் எழுதியதைத் தானே வியந்து அவன் படித்த ஒன்றரை மணி நேரத்தில், தண்ணீர் மாடியைக் கழுவி, படிக்கட்டைக் கழுவி, ஆடிப்பெருக்கைப் பங்குனியிலேயே கொண்டாடியபடி லிஃப்டுக்குள் இறங்கியது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையே லிஃப்ட் திரிசங்கு சொர்க்கமானது. அதற்குள்ளே இரண்டு கட்டு முளைக்கீரையுடன் நின்றிருந்தவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவரும் சங்கத்தின் செயலாளருமான பீமராவ்.

நாற்பது நிமிடம். வெளியே வந்தபோது கீரை வாடியிருந்தது. ராவ் வாடவில்லை. அன்றே பி பிளாக் மொட்டைமாடிக்கு ஒரு பூட்டைப் போட்டார், சாவியைச் சட்டைப்பையில் போட்டார், போனார்.

இதில் பூட்டப்பட்டது மாடி மட்டுமா? மூன்றாண்டு காலம் அக்கம்பக்கத்துக்கு ஓசியில் கொடுத்தே பேரெடுத்த ஜோதியின் வடகத்தைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடைக்காரர் ருசி பார்த்து, சித்திரை பிறக்குமுன் நாற்பது கிலோ கேட்டிருந்தார். அவள் வாழ்வின் முதல் ஆர்டர். தவறினால் மணப்பாறையில் வேறு ஆள் தயாராக இருந்தார். ஏ பிளாக் மாடியெங்கும் சோலார் தகடு. ஜோதி கணவனை ஒரு சொல் திட்டவில்லை. படுக்கையறையில் செய்தித்தாள் விரித்து, ஃபேனுக்குக் கீழே வடகம் பிழிந்தாள். மூன்றாம் நாள் அதில் பச்சைப் பூஞ்சை பூத்தது. அதையும் வழித்துக் கொட்டினாள். திட்டியிருந்தால் நம் வீரன் பிழைத்திருப்பான்.

பன்னிரண்டு நாள் அவன் சாவி கேட்டு நடந்தான். கேட்டபோதெல்லாம், “கமிட்டியில வச்சுப் பேசுவோம் ப்ரொபஸர் சார்” என்றார் ராவ். கமிட்டியோ ராவ்தான்.

ஒரு காலத்தில் பி பிளாக்குக்கென்று தனிச் சங்கம் இருந்தது. தனி முத்திரையும் மை வற்றிய ஸ்டாம்பு பேடும் இருந்தன. ஐந்தாண்டுக்கு முன் அந்தச் சங்கம் கூடி, தன்னைத் தானே கலைத்துக்கொண்டு ஏ பிளாக்கோடு ஐக்கியமாவதென்று கைதூக்கியது. 1800-இல் டப்ளின் நாடாளுமன்றமும் இப்படித்தான் தன் கழுத்துக்குத் தானே வாக்களித்தது. அங்கே கைதூக்கிய கனவான்களுக்குப் பிரபுப் பட்டங்கள் பொழிந்தன. இங்கே அன்றைய பி பிளாக் தலைவர் ஜமீலுக்குத் தூணோரம் நிழலான கார் நிறுத்தம் கிடைத்தது. “வெயில்ல கெடந்து பெயின்ட் போயிடும் சார்” என்று இன்றுவரை கண்ணைப் பார்க்காமல் விளக்கம் சொல்கிறார் மனிதர்.

ஆயிற்று, போர்நாளும் வந்தது. மாலை ஐந்து மணி. சங்கப் பொதுக்கூட்டத்துக்காகக் கீழ்த்தள நிறுத்துமிடத்தில் கார்கள் விலக, நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் அணிவகுத்தன. ஏ பிளாக்கில் ஒன்பது தலை, பி பிளாக்கில் எட்டுத் தலை. பீமராவ் எழுந்து, பி பிளாக் மொட்டைமாடியை நிரந்தரமாக மூடிவைக்கும் தீர்மானத்தை முழங்கினார். அவைக்கு வெளியே, தரைக் குழாயடியில், இரு பிளாக்குகளின் குடங்களும் பகை மறந்து ஒரே வரிசையில் நின்றன. ஆறு மணிக்குக் காவிரித் தண்ணீர் வரும். அரைமணி நேரம்தான் வரும்.

எழுந்தான் பிலோமின்ராஜ். இடியேறு என எழுந்தான். கக்கத்தில் ஆய்வேடு, கையில் சங்க விதிகளின் ஜெராக்ஸ்.

“விதி ஒன்பது! கேள்வி கேட்ட உறுப்பினர் பதில் பெற்று அமரும்வரை வாக்கெடுப்பு கூடாது! இதை இயற்றியவர் தாங்களே! நான் சாவியைத் தாருங்கள் என்று கேட்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்!”

“அது பரிசீலனையில இருக்கு.”

“சாவியா?”

“விஷயம்.”

“சாவி எங்கே?”

“பாதுகாப்பான இடத்துல இருக்கு.”

“எந்த இடம்?”

“அதைச் சொல்லிட்டா அப்புறம் என்ன சார் பாதுகாப்பு?”

ஏ பிளாக் சிரித்தது. சிரித்த பற்களின் மீது ஆய்வேடு திறந்தது. மழைக்கால மேகம் மலைக்கோட்டை மீது கவிவதைப் போல, பறித்த நிலங்களும், ஊரில் இல்லாமலே வாடகை வாங்கிய பிரபுக்களும், ஐரிஷ்காரன் வாய் திறக்குமுன் அரசரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற சட்டமும் அந்த நிறுத்துமிடத்தின்மீது கவிந்தன. ஒரு நில ஏஜெண்டோடு ஊரே பேச்சை நிறுத்தியதால் பாய்காட் என்ற சொல் பிறந்த கதையை அவன் சொன்னபோது, “அதை நாம இப்ப ஆரம்பிக்கலாமா?” என்று பின்வரிசை கேட்டது. அவன் நிறுத்தவில்லை. அடிக்குறிப்பையும் வாசித்தான். அடிக்குறிப்புக்குள் இருந்த பக்க எண்ணையும் வாசித்தான். தன்னாட்சி மசோதா இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை நிறைவேறியும், போரைக் காட்டி அலமாரியில் வைக்கப்பட்ட துயரத்தைச் சொல்லும்போது மெய்யாகவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

“என்னங்க,” என்றாள் ஜோதி மெதுவாக. “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க.”

உட்காருங்க என்று அவள் சொல்லவில்லை. அது போதும் வீரனுக்கு. இன்னும் முப்பது பக்கத்துக்கு உரம் ஏறியது.

ஏ பிளாக்கின் மூத்த குடிமகள் வேலம்மாள் கையை உயர்த்தினாள். “தம்பி, அந்த ஊருக்குச் சுதந்திரம் கெடச்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. நான் போய்த் தண்ணி புடிக்கணும்.”

“பெரும்பகுதிக்கு 1922-இல் கிடைத்தது அம்மா. வடக்கே ஆறு மாவட்டங்கள் இன்னும் முடியாட்சியின்கீழ்...”

“அப்ப இன்னைக்கு முடியாதுங்கறீங்க.”

அந்நேரம், காவலாளி மருதை வால்வைத் திருக, குழாய் இருமி, கனைத்து, சோவென்று பொழிந்தது. பதினேழு தலைகள் ஒரு தலையாகத் திரும்பின. ஒருவரும் எழவில்லை. ஏ பிளாக்கில் ஒருவர் எழுந்தால் வாக்குச் சமம். பி பிளாக்கில் ஒருவர் எழுந்தால் அந்தச் சம வாய்ப்பும் போச்சு. குருட்சேத்திரத்தில்கூடப் படைகள் இப்படித் தாகத்தோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்காது. முதல் குடம் நிறைந்து வழிந்தது. மருதை யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தான்.

அன்று நாற்பத்தொரு மணி நேரம் பொறுத்த லண்டன் சபாநாயகர், எந்த விதியும் இல்லாமல் தன் அதிகாரத்தாலேயே விவாதத்தை முடித்தார். அதே வழியில் பீமராவும் மேசையைத் தட்டினார். “விவாதம் முடிஞ்சுது! எல்லாரும் கையைத் தூக்குங்க!”

ஏ பிளாக்கிலிருந்து ஒரு கைகூட எழவில்லை. வேலம்மாள் எழுந்தாள்.

“விதி எழுதினது நீங்கதானே ராவ் சார்? அந்தப் புள்ள ஒரே கேள்விதான் கேக்குது. ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்க. அங்க தண்ணி வீணாப் போவுது!”

“ஆமா சார், சொல்லுங்க!” என்று ஏ பிளாக்கே ஆர்ப்பரித்தது. ஜமீல்கூட முதல் தடவையாகத் தூணைவிட்டு நகர்ந்து வந்து, “சொல்லுங்க ராவ் சார்” என்றார்.

வெற்றிச் சங்கு ஊத வேண்டிய நொடி. ஆனால் நம் வீரன் ராவின் கைகளைப் பார்த்துவிட்டான். அவை சட்டைப்பையைத் தொட்டன. பேண்ட் பையைத் தொட்டன. மறுபடி சட்டைப்பைக்கு வந்தன. அரைமணி நேரமாக அவை அப்படித்தான் அலைந்துகொண்டிருந்தன என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ராவின் காதோரம் வேர்த்து வழிந்தது. லிஃப்டுக்குள்ளிருந்து வெளியே வந்த அன்றும் இந்த முகம் இப்படித்தான் இருந்தது. அன்று அதைக் கோபம் என்று எண்ணியிருந்தான்.

ஆய்வேட்டை மூடி நாற்காலியில் வைத்தான். மேசை அருகே போனான். காவியத் தமிழெல்லாம் எங்கேயோ கழன்று விழுந்தது.

“ராவ் சார், குழாயைத் திறந்து விட்டது நான். தப்பு என்னுது. உங்களை லிஃப்டுல மாட்ட வச்சதும் நான்தான். அவ என்ன சார் பண்ணா? இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. சாவி எங்க சார்?”

பீமராவ் கூட்டத்தைப் பார்த்தார், ஜோதியைப் பார்த்தார், பிறகு குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“சாவி போன வாரமே தொலைஞ்சு போச்சு சார், காலையில மருதையை விட்டுப் பூட்டை உடைக்கச் சொல்றேன்.”