பேரூராட்சியின் கௌபாய் படை

எங்கள் பேரூராட்சி கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேரைச் சொன்னால் நோட்டீஸ் வரும், வேண்டாம். சாலையில் மாடுகள் சுற்றித் திரிவதை ஒழிக்கச் செயல் அலுவலர் வெளிநாட்டு முறைகளைத் தீவிரமாக ஆராய்ந்தார், அதாவது ஒரு மாதம் செல்போனில் வீடியோ பார்த்தார். பார்த்துவிட்டு 'கால்நடை மீட்புச் சிறப்புப் படை' ஒன்றை நிறுவினார். ஊரில் நாங்கள் கௌபாய் படை என்றோம். ஆறு பேருக்குத் தொப்பி, பூட்ஸ், சுருக்குக் கயிறு வழங்கப்பட்டன. குதிரைக்கு மேலிடத்து ஒப்புதல் வராததால் பழைய மொபெட் கொடுத்தார்கள்.

படைத் தலைவர் வசந்தகுமார் முந்தின வாரம் வரை கொசு மருந்து அடித்தவர். முதல் நாளே பஸ் ஸ்டாண்டுக் காளையைப் பார்த்துக் கயிற்றை வீசினார். அது டவுன் பஸ்ஸின் பின் ஏணியில் மாட்டிக்கொண்டது. கயிற்றின் மறுமுனை மொபெட்டில் கட்டியிருக்க, பஸ் கிளம்பிவிட்டது. தலைவரும் மொபெட்டும் திருவிடைமருதூர் வரை போய்த் திரும்பினார்கள்.

மாதத்துக்குப் பத்து மாடு என்று இலக்கு. படை கூடி ஆலோசித்தது. ஓடுகிற மாட்டைப் பிடிப்பது சிரமம், ஆகவே ஓடாத மாட்டைப் பிடிப்பது என்று முடிவானது. கட்டிப்போட்ட மாடுதானே ஓடாது? மறுநாள் எங்கள் தெருக்கோடியில் தையல்நாயகி வீட்டுக் கொட்டகையில் நின்ற மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அருகில் உரிமையாளர் இல்லாத மாடு சுற்றித் திரியும் மாடே என்று சுற்றறிக்கை சொல்கிறதாம்.

தையல்நாயகிக்கு இருப்பது அந்த ஒரு மாடு. காலையில் அதை ஓட்டிவந்து எங்கள் பதினோரு வீட்டு வாசலிலும் நிறுத்தி, நம் கண் முன்னாலேயே கறந்து ஊற்றுவார். தண்ணீர் கலக்கிற பேச்சே கிடையாது. அந்த வருமானத்தில்தான் மகள் பிரதீபா நர்சிங் படிக்கிறாள். ஒரு வாரத்தில் மாடு தன்னுடையது என்று நிரூபிக்காவிட்டால் ஏலம் என்றார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

தையல்நாயகி வீடு வீடாக வந்து கேட்டார். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு விசாரணை, சாட்சி என்று இழுத்தடிப்பார்களே! ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. இன்னொருவர் அவசரமாகக் கீழ்வேளூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். நான், மாட்டின் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

சாட்சி இல்லாததால் வழக்கு துப்பறியும் பிரிவுக்குப் போனது. பிரிவு என்றால் பஞ்சநதம் ஒருவர்தான். பிறப்பு இறப்புப் பதிவு பார்ப்பவர், துப்பறிவது கூடுதல் பொறுப்பு. சித்திரை வெயிலில் நீளக் கோட்டு, கையில் பூதக்கண்ணாடி. மூன்று நாள் மாட்டை விசாரித்துவிட்டு, மாடு ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பு எழுதினார். ஆறாம் நாள் காலையில் அதை அவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே நடந்தார். தானாக எந்த வீட்டில் போய் நிற்கிறதோ, அந்த வீட்டுக்காரரே உரிமையாளர்.

மாடு வழக்கப்படி முதல் வீட்டு வாசலில் நின்று 'அம்மா' என்றது. 'உறவு உறுதி' என்று எழுதிக்கொண்டார். பிறகு இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. ஏழாவது எங்கள் வீடு. சத்தம் கேட்டுப் பாத்திரத்தோடு ஓடிவந்த என் மனைவி கூடுதல் ஆதாரம் ஆனாள். பதினோராம் வீட்டோடு படிவத்தில் கட்டம் தீர்ந்துபோயிற்று. மாடு அதற்கப்புறம் தையல்நாயகி கொட்டகைக்குப் போய்ப் படுத்ததைப் பஞ்சநதம் பார்க்கத்தான் பார்த்தார். எழுத இடமில்லை.

ஆணை வந்தது. பதினோரு பேரும் கூட்டு உரிமையாளர்கள். முறை வைத்து ஆளுக்கு மூன்று நாள் வீட்டில் கட்டி, வைக்கோல் போட்டு, குளிப்பாட்டி, சாணி அள்ள வேண்டும். தவறினால் வழக்கு. மாடோ, தையல்நாயகியைத் தவிர வேறு யார் தன் மடியில் கை வைத்தாலும் உதைக்கிறது. ஆகவே அவர்தான் வந்து கறக்கிறார். பாலை எங்களுக்கே பழைய விலைக்கு விற்கிறார்.

நேற்று என் முறை. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"தையல்நாயகி, எங்க எழுதணுமோ அங்க நான் எழுதிக் கொடுத்துடறேன். உங்க மாட்டை நீங்களே வச்சுக்கங்க."

அவர் கறப்பதை நிறுத்தவில்லை.

"வேண்டாங்க சார். என் வீட்டுல கட்டினா திரும்பப் புடிச்சுட்டுப் போயிடுவாங்க. அப்ப ஒரு கையெழுத்துக்கு நான் யார் வாசல்ல போய் நிக்கிறது?"

நான் கூடையை எடுத்துக்கொண்டு சாணி அள்ளப் போனேன்.