இறக்கையில் எழுந்த சந்தேகம்

"தரை இறங்கும்போது றெக்கை வாயைப் பிளக்குதாம். என்னன்னு கேட்டிருக்காங்க" என்று முதலாளியின் மைத்துனர் ஒரு காகிதத்தை மெக்கானிக்கின் கருவிப்பெட்டி மேல் வைத்தார்.

மெக்கானிக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு விமானத்தைப் பார்த்தார். எட்டுப் பேர் உட்காரும் சின்ன ஜெட். ஏழு வருடமாக, அது கிளம்பும் ஒவ்வொரு முறையும் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுபவர் அவர்தான்.

"அது ஸ்பாய்லர் சார். பிளக்கல, எழுந்து நிக்குது. நிக்கணும்."

"எழுதிக் குடுங்க. மேலிடத்துக்கு வாய்வார்த்தை செல்லாது."

எழுதிக் கொடுத்தார். இறக்கையின் முதுகில் சில பலகைகள் உண்டு. சக்கரம் தரையைத் தொட்டதும் அவை நிமிர்ந்து, காற்று இறக்கையைத் தூக்குவதைக் கெடுக்கும். அப்போதுதான் முழு எடையும் சக்கரத்தில் உட்கார்ந்து பிரேக் பிடிக்கும். எழுதி முடித்ததும் தன் தெளிவு தனக்கே பிடித்துப்போய் ஒரு டீ குடித்தார்.

மறுநாள் அது 'கெடுக்கும்' என்பதன் கீழ் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. இத்தனை விலை கொடுத்து வாங்கிய இறக்கையைக் கெடுக்க அதன் முதுகிலேயே ஏற்பாடா என்று கேள்வி. கெடுக்காவிட்டால் ஓடுபாதை முடிந்த பிறகும் விமானம் நிற்காது என்று திருத்தி எழுதினார். அதற்கடுத்த நாள் 'நிற்காது' என்பதன் கீழ் இரண்டு கோடுகள்.

எழுதினால் வம்பு என்று செய்தே காட்டினார். பலகைகள் சரேலென்று எழும்பியதும் மைத்துனர் பின்வாங்கி ஏணியில் முதுகை இடித்துக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். வானத்தில் ஒரு பக்கப் பலகை மட்டும் கொஞ்சம் எழுந்தால் விமானம் அந்தப் பக்கம் சாய்ந்து திரும்பும் என்று மெக்கானிக் கூடுதல் விளக்கமும் தந்தார். மைத்துனர் தன் நோட்டில் 'சாயும்' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

நான்காவது காகிதத்தில் கேள்வியே இல்லை. வியாழக்கிழமைப் பயணத்தில் மெக்கானிக் முதலாளிக்கு எதிரே அமர்ந்து, பலகைகளை நேரில் கண்காணிக்க வேண்டும். மறுத்தால் வேறு ஆள் பார்க்கப்படும்.

மெக்கானிக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த விமானத்தின் வயிற்றில் எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஆனால் இதுவரை எந்த விமானத்திலும் பறந்ததில்லை. வீட்டில் பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறுவதுகூட மனைவிதான்.

"அந்த விமானத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு? அப்புறம் என்னங்க பயம்?" என்றாள் மனைவி.

"என்னென்ன கோளாறு வரும்னு மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"வேலை போனா என்ன வரும்னு எனக்குத் தெரியும்" என்று அவள் பெட்டியில் சட்டையை மடித்து வைத்தாள்.

காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார். கம்பெனி டாக்டர் வீட்டுக்கே வந்து, உடம்பு கல்லுமாதிரி இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். விமானத்தில் ஏதாவது குறை கிடைக்குமா என்று இரண்டு நாள் குடைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. தன் வேலையின் சுத்தத்தை முதல்முறையாக நொந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

விமானம் கிளம்புவதற்குள்ளேயே முதலாளி கண்பட்டை கட்டிக்கொண்டு தூங்கிப்போனார். மெக்கானிக் விழித்திருந்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவருக்குப் பெயர் தெரியும். தெரியாதவன் கொடுத்துவைத்தவன் என்று தோன்றியது.

சக்கரம் தரையைத் தொட்டது. பலகைகள் நிமிர்ந்தன. அவரே துடைத்து, எண்ணெய் போட்டு, அளந்து பார்த்த பலகைகள்தான். மெக்கானிக் கண்ணை இறுக்க மூடி, எதிரே இருந்த முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முழங்காலுக்குச் சொந்தக்காரர் குறட்டையை நிறுத்தவில்லை.

விமானம் எந்த வம்பும் செய்யாமல் நின்றது. பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு மெக்கானிக் மெல்லக் கேட்டார்: "இவர் பார்க்கவே இல்லையேம்மா. இனிமே இவர் பயத்தை எப்படிப் போக்குறது?"

"இவர் ஒருநாளும் ஜன்னல் பக்கம் திரும்பினதில்ல சார்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "உங்களை எப்படியாவது ஏத்தணும்னு முதலாளி பேரைச் சொல்லி அந்தக் காகிதமெல்லாம் எழுதினது எங்க பைலட். ஏழு வருஷமா கையெழுத்துப் போடுற மனுஷன் ஒரு தடவைகூட ஏறலையேன்னு பயம் அவருக்குத்தான்."