புஷ்பவதியின் பசுவுக்கு ஐந்து படிவம்

மனிதகுலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எதுவென்று கேட்டால் நெருப்பு என்றோ சக்கரம் என்றோ நான் சொல்லமாட்டேன். அவசர விலங்குச் சிகிச்சைப் பயிற்சிக்கான இருபத்திரண்டு கேள்விப் படிவம் என்றுதான் சொல்வேன். அவசரத்தை இத்தனை நிதானமாகக் கற்றுக்கொடுக்கும் கருவி பூமியில் வேறில்லை.

நாங்கள் மிருக வைத்திய மாணவர் ஐவர். இரண்டு வாரக் 'களப் பயிற்சி'க்கு மாத்தளை வந்திருந்தோம். எங்களை மேய்க்கும் பொறுப்பு டொக்டர் ஹாஷிமுடையது. முந்தைய வருடம் ஒரு குழு, ஒரே படிவத்தை நிரப்பி ஐந்தாகப் பார்த்தெழுதிக் கொடுத்துவிட்டதாம். அந்த அவமானத்திலிருந்து ஒரு விதி பிறந்தது: ஒவ்வொரு மாணவரும் உரிமையாளரைத் தனித்தனியே கேட்டு, தன் கைப்பட எழுதி முடித்த பின்பே சிகிச்சைப் பெட்டி திறக்கப்படும். கொப்பியடித்தலை வேரறுத்த அந்த விதியை இன்றும் வணங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, ரிவர்ஸ்டன் போகும் வழியிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். அன்றைய அவசரம் அத்துடன் முடிந்தது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் புஷ்பவதியின் பசு மணி நின்றது. அந்த வீட்டில் அடுப்பெரிவது அதன் பாலில்தான். கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்று அண்டாவுக்குள் தலையை விட்டிருக்கிறது. இடப்பக்க வயிறு மேளமாக ஊதி, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. வாய்வழியே குழாயை இறக்கிக் காற்றை வெளியேற்றுவது ஐந்து நிமிட வேலை. குழாய் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

எங்களில் முதலில் நிஷ்மியா தொடங்கினாள்.

"மாட்டுக்கு வயசு என்னம்மா?"

"அஞ்சு. மூச்சு வாங்குது, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, மிஸ்."

அடுத்தது இன்ஷாப்.

"மாட்டுக்கு வயசு என்னம்மா?"

"இப்பதானே அந்த மிஸ்ஸுக்குச் சொன்னேன்."

"அது அவங்கட படிவம்."

மூன்றாவதாகப் போன சசிக்குமாரிடம், "அஞ்சுதாங்க. நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஆறாயிரும்," என்றார் புஷ்பவதி. சசி அதில் 'ஐந்து' என்பதை மட்டும் குறித்துக்கொண்டான். தேவையற்ற தகவலை விலக்குவதற்குத் தனிப் புள்ளி உண்டு.

நான்காவதாகத் தினுஷா போனபோது நான் டொக்டரின் காதருகே சென்றேன்.

"சேர், குழாயை இறக்கிட்டு எழுதலாமே?"

"நான் இறக்கினா நீங்க என்னத்தப் படிப்பீங்க, தம்பி? பெட்டியத் தொட்டா அது சிகிச்சை. தொடாம இருந்தாத்தான் பயிற்சி."

இப்படியொரு குரு எத்தனை பேருக்கு வாய்ப்பார்? நான் ஐந்தாவது ஆளாகப் போனேன். புஷ்பவதி என்னைப் பார்க்கவில்லை. மணியின் கழுத்தைத் தடவியபடியே பதில் சொன்னார். இருபதாவது கேள்வியில் மணி முன்னங்காலை மடித்தது. இருபத்தோராவதில் சாய்ந்தது. இருபத்திரண்டாவதை நான் கேட்காமலே எழுதினேன்.

டொக்டர் ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். என்ன கைவேகம்! ஒரே நிமிடத்தில் குழாய் இறங்கிவிட்டது. காற்றும் வந்தது. மணி மட்டும் எழவில்லை.

புஷ்பவதி கழுத்துக் கயிற்றை மெதுவாக அவிழ்த்தார்.

"காலையில கறந்த பால் அடுப்புல இருக்கு, சேர். அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தோம். அது மணியின் கடைசிப் பால். ஆனால் அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

மறுவாரம் புள்ளிகள் வந்தன. ஐவருக்கும் நூற்றுக்கு நூறு. ஒரே ஒரு இடத்தை மட்டும் டொக்டர் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'ஐந்திலும் எழுத்துப் பிசகாமல் ஒரே விடை. யார் யாரைப் பார்த்து எழுதியது?' என்று விளக்கம் கேட்டிருந்தார்.

அது கடைசிக் கேள்வி: உரிமையாளர் கேட்டுக்கொள்வது என்ன?

நாங்கள் ஐவரும் எழுதியிருந்தோம்: 'கொஞ்சம் சீக்கிரம் பாருங்க.'