அமெரிக்க நாவலும் எங்கள் வேலித் தகரப் பேணியும்

தூரத்து அநியாயத்துக்கு அழுவதைப்போல் சுகமான அழுகை உலகத்தில் இல்லை. பதினெட்டு வயதில் நான் அதில் முங்கிக் குளித்தேன். தலை துவட்டவும் மறந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊரான முரசுமோட்டையில் ஒரு அமெரிக்க நாவல் என் கைக்கு வந்தது. கறுப்பு அடிமை ஒருவனைப் பற்றியது. பிள்ளைகள் படிக்கலாமா என்று அந்த நாட்டிலேயே சண்டை பிடிக்கிற புத்தகம். (அகராதியோடு ஆறு கிழமை. கால்வாசி விளங்கியது, கண்ணீர் முழுசாக வந்தது.)

பள்ளிக்கூட இலக்கிய மன்றத்தில் முழங்கினேன். "மனிதனை மனிதன் தள்ளிவைப்பதா? அமெரிக்காவே, வெட்கப்படு!" மேசையில் குத்தியதில் கண்ணாடிக் காப்பு உடைந்தது. கைதட்டல்.

கேள்வி நேரத்தில் பத்தாம் வகுப்புச் செல்வி எழும்பினாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவளுடைய அப்பா முத்தையாதான் எங்கள் வயலில் நெல் வெட்டுகிறவர்களுக்குத் தலைவர்.

"அக்கா, உங்க வீட்டுப் பின்வேலியில ஒரு தகரப் பேணி தொங்குதுங்களே, அது யாருக்கு?"

வேலையாட்களுக்கு மட்டும் தேத்தண்ணி வார்க்கிற குவளை. வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. தினமும் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் கண்டதில்லை.

"அது... எங்கட அப்பா குடிக்கிற பேணி," என்றேன்.

அடுத்த நாள் நெல் வெட்டு. கதிர் தலைசாய்ந்து நிற்க, கிழக்கே மேகம் கறுத்து வந்தது. வெட்ட வந்தவர்கள் வரம்பில் குந்தியிருந்தார்கள். ஒரு அரிவாளும் அசையவில்லை.

"என்ன முத்தையா, மழை வருதெல்லோ! ஏன் இருக்கிறியள்?" என்று அப்பா ஓடினார்.

"நம்ம பேணியிலதான் ஐயாவும் குடிக்கிறீங்கன்னு உங்க பாப்பா பள்ளிக்கூடத்துல சொல்லிச்சாம்ங்க. மனசு குளுந்து போச்சு. ஒருக்காக் கண்ணால பாத்துட்டு இறங்குறோம்."

முத்தையா சிரிக்கவேயில்லை. அதுதான் பயங்கரம்.

அப்பா என்னைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். ஒரு வருசச் சோறு நின்ற வயலைப் பார்த்தார்.

"கொண்டு வா, பிள்ளை."

அம்மா சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தா. (அன்றைக்குத்தான் அந்தப் பேணியில் ரோசாப்பூப் படம் இருந்தது எங்களுக்குத் தெரிய வந்தது.) வரம்பில் நின்றபடி அப்பா குடித்தார். முகம் சுளித்தார்.

"சீனி காணாது."

"அஞ்சு வருசமா அப்படித்தாங்க, ஐயா," என்றார் முத்தையா.

அரிவாள்கள் இறங்கின. மழைக்கு முன் வயல் வெறுமையானது.

பொய்யை ஒப்புக்கொள்ள அப்பாவின் மானம் விடவில்லை. மறுநாளிலிருந்து வேலையாட்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். அப்பாவுக்கு, சாகும்வரை, ரோசாப்பூப் பேணி. செல்வி வீட்டிலும் இந்தக் கதை ஓடுகிறதாம். அவர்கள் சொல்லும்போது நாவல் வருவதேயில்லையாம்.

இன்றைக்கும் நான் ஏதாவது தேசத்தைத் திருத்தக் குரலை உயர்த்தினால், தங்கச்சி குசினிக்குள் எழும்பிப் போவாள்.

"அக்கா, நீங்கள் கதையுங்கோ. வீட்டில ஆருக்கு என்ன பேணியெண்டு நான் ஒருக்காப் பாத்திட்டு வாறன்."