எழுத்து இல்லாத சனிக்கிழமை

இதை எழுத உனக்கென்ன தகுதி என்று என் மனைவி சாந்தி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். அதனால் நீங்கள் கேட்க வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் எஸ்.பி.எம். பரீட்சை வரை படித்தவன். அதற்குப் பிறகு முப்பது வருடமாக எழுதியதெல்லாம் மேருவில் நான் வேலை செய்யும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மெஷின் ரிப்போர்ட்தான். 'பிளேடு மாற்றப்பட்டது.' 'பெல்ட் அறுந்தது.' இவ்வளவுதான் என் இலக்கியம். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம். ஆனால் இந்தக் கதையை என் வீட்டார் ஆளுக்கொரு விதமாகக் கல்யாண வீடுகளில் சொல்லித் திரிகிறார்கள். அவமானப்பட்டவன் நான். அதைச் சரியாகச் சொல்லும் உரிமையாவது எனக்கு வேண்டாமா? பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிற்சாலையில் அட்டை வெட்டும் மெஷினுக்குப் பெட்டியின் படத்தை அனுப்புவது ஒரு பழைய கம்ப்யூட்டர். 'ஒர்க்ஸ்டேஷன்' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். என் மகள் தர்ஷினி பிறப்பதற்கு முன்பே வந்தது. அவளுக்கு இப்போது இருபத்தாறு. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், எழுப்ப அரைமணி நேரம் வேண்டும். அதன் மானிட்டர் போன வருடம் புகை விட்டுச் செத்துப்போனது. அந்த மாதிரி மானிட்டர் இனிக் கிடைக்காது என்பதால், ஒரு டெக்னீஷியன் வந்து அதன் திரையை நெட்வொர்க் வழியாக லேப்டாப்பில் தெரியும்படி செய்து கொடுத்தார். கொடுத்த கையோடு சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் மெஷின் மேருவில் இருக்கும். நான் லேப்டாப்பை எங்கே திறக்கிறேனோ அங்கே அதன் முகம் தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. (கொஞ்சம் இல்லை. கிள்ளானில் நான் போகும் முடிவெட்டும் கடை வரைக்கும் சொல்லியிருந்தேன்.)

அந்தச் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து தர்ஷினியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பெயருக்குத்தான் பெண் பார்ப்பது. தர்ஷினியும் விக்னேஷும் பங்சாரில் ஒரே ஆபீசில் வேலை செய்து, மூன்று வருடமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்க்க வேண்டியது விக்னேஷின் அம்மா. கணவர் தவறிய பிறகு தனியாக மகனை வளர்த்தவர். அவர் தலையசைக்க வேண்டும்.

"அப்பா, அவங்களுக்குப் பிடிக்கலன்னா விக்னேஷ் அவங்கள மீறி ஒண்ணும் செய்ய மாட்டாரு," என்றாள் தர்ஷினி. "இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்த லேப்டாப்பை மறந்துடுங்கப்பா. ப்ளீஸ் லா."

மறந்திருப்பேன். ஆனால் முதலாளி லீவு கொடுத்ததே, ரைஸ் குக்கர் பெட்டி நானூறுக்கான படத்தை வீட்டிலிருந்தே அனுப்பிவிடுகிறேன் என்று நான் சொன்னதால்தான். ஒரு மணிக்கு லோரி வந்துவிடும். அதற்காக வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு புது லேப்டாப்பும் கையில் கொடுத்திருந்தார். பழையதில் பாதி பட்டன் வேலை செய்யவில்லை.

ராகுகாலம் முடிந்து பத்தே முக்காலுக்கு அம்மாவும் மகனும் வந்தார்கள். அம்மா கேசரியைத் தொட்டார். தேத்தண்ணியைத் தொடவில்லை. சம்மதம் இருந்தால்தான் குடிப்பார்கள் என்பது சாந்தியின் கணிப்பு. அவள் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு மேருவிலிருந்து சேகர் போன் செய்தான். என்னோடு மெஷினில் நிற்பவன். "அண்ணே, அட்டை ஏத்தியாச்சு. படத்த அனுப்புங்க."

ஐந்து நிமிட வேலைதானே என்று சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். தர்ஷினி என்னைப் பார்த்த பார்வையைத் தனியாக ஒரு கட்டுரையாக எழுதலாம்.

திரை வந்தது. எழுத்து வரவில்லை. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக, குளியலறைத் தரை மாதிரி இருந்தது. எண்கள் மட்டும் தெரிந்தன. அவையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"சேகர், மெஷின்ல எழுத்தெல்லாம் போயிடுச்சுடா."

"நான் எதையும் தொடலண்ணே."

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு."

அதற்கு அரைமணி நேரம். நான் போய் விருந்தாளிகளோடு உட்கார்ந்தேன். விக்னேஷின் அம்மா மரியாதையாகக் கேட்டார்: "உங்க தம்பி கோலாலம்பூர்ல இருக்காருன்னு சொன்னீங்களே, நல்லா இருக்காருங்களா?"

"ரீஸ்டார்ட் ஆயிக்கிட்டு இருக்குங்க," என்றேன்.

பதினொன்றரைக்கு மறுபடி திறந்தேன். அதே கட்டங்கள். தொழிற்சாலை அலமாரியில் எழுத்துகள் உள்ள பழைய சிடி ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. அதைத் தேடி எடுத்து மெஷினில் ஏற்றச் சொன்னேன். சேகர் தும்மிக்கொண்டே ஏற்றினான். பிறகு இன்னொரு தடவை ஆஃப், இன்னொரு தடவை ஆன். பன்னிரண்டே காலுக்கும் கட்டம்தான். முன்பைவிடத் தெளிவான கட்டம் என்று எனக்குத் தோன்றியது.

விக்னேஷ் லேசாக இருமினார். "அங்கிள், நான் வேணும்னா ஒரு தடவ பாக்கட்டுங்களா?"

பெண் பார்க்க வந்த பையனை வேலை வாங்குவதா? ஊர் என்ன சொல்லும்? "நீங்க உட்காருங்க மாப்பிள்ளை, முறுக்கு எடுத்துக்குங்க," என்றேன்.

இன்னும் எதுவும் பேசி முடிக்கவில்லை. நான் பாட்டுக்கு மாப்பிள்ளை ஆக்கிவிட்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்தார். சாந்தி கோப்பையைப் பார்த்தாள். அது அப்படியே இருந்தது. விக்னேஷ் முறுக்கை எடுத்து, சத்தம் வராமல் கடிக்க முயன்றார். முறுக்கில் அது நடக்காது.

மறுபடி லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். இந்த மெஷினோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவன், எழுத்து இல்லாவிட்டால் என்ன? எந்தப் பட்டன் எங்கே என்று மனப்பாடமாகத் தெரியும். மூன்றாவது கட்டம் 'திற'. அதில் வரும் பட்டியலில் மேலிருந்து ஏழாவது ரைஸ் குக்கர். ஓரத்தில் இருக்கும் பெரிய கட்டம் 'வெட்டு'. எண்ணிக்கை நானூறு. அழுத்தினேன்.

கடைசியாகத் திறந்த படம் பட்டியலில் மேலே ஏறி, மற்றதெல்லாம் ஒரு படி கீழே இறங்கும் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

சேகர் போன் செய்தான். "அண்ணே, பெட்டி சின்னதா வருதே."

"முப்பது வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா? நீ வெட்டு." (மாப்பிள்ளை வீட்டார் காதில் விழ வேண்டும் என்று சத்தமாக வேறு சொன்னேன்.)

பன்னிரண்டே முக்காலுக்கு விக்னேஷ் எழுந்து கழிவறை எங்கே என்று கேட்டார். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற வழியில் என் பின்னால் நின்றார். குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. எழுத்து அங்க இல்ல, இங்க."

"எங்க?"

"உங்க லேப்டாப்ல. அந்தப் பழைய மெஷின் எழுத்தை அனுப்பாது. 'இந்தப் பேர் உள்ள எழுத்தைப் போடு'ன்னு சொல்லும், அவ்வளவுதான். போட வேண்டியது லேப்டாப். பழைய லேப்டாப்ல அந்த எழுத்தெல்லாம் யாரோ ஏத்தி வெச்சிருப்பாங்க. இது புதுசு இல்ல?"

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பதினொன்னே காலுக்குங்க."

அதற்கு மேல் எனக்கு வெட்கப்பட இடமில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் உட்கார்ந்து, பழைய மெஷினிலிருந்த எழுத்துகளை லேப்டாப்புக்கு நகலெடுத்து, அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்று திரை காட்டும் புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டமெல்லாம் மறைந்து, எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. நான் முதலில் படித்த வரி இதுதான்: குளியல் சோப்பு, சிறியது, நானூறு, வெட்டி முடிந்தது.

போன் மேசையிலேயே ஸ்பீக்கரில் இருந்தது. "அண்ணே," என்றான் சேகர், "இதுல ரைஸ் குக்கரோட வயர்தான் போகும்."

முதலில் சிரித்தது தர்ஷினி இல்லை. விக்னேஷின் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாந்தியிடம் சொன்னார்: "விக்னேஷ் அப்பாவும் இப்படித்தாங்க. வீட்டுலேர்ந்து சிரம்பான் போறோம்னு கிளம்பி அதையும் தாண்டி மலாக்கா வரைக்கும் போயிட்டாரு. யார்கிட்டயும் வழி கேக்க மாட்டாரு. பக்கத்துல உக்காந்து நானும் சொல்லல." பிறகு ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

லோரி காலியாகத் திரும்பிப் போனது. முதலாளி பேசியதை இங்கே எழுத முடியாது. சோப்புப் பெட்டிகளை என் தலையிலேயே கட்டினார். கல்யாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு லட்டு அதில்தான் வைத்துக் கொடுத்தோம். இன்னும் எழுபது பெட்டி பரணில் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் கண்ணாடியைத் தேடினாலும், கார் சாவியைத் தேடினாலும், சமையலறையிலிருந்து சாந்தி குரல் கொடுப்பாள்: "எழுத்து அங்க இல்லங்க, இங்க." மாப்பிள்ளை மட்டும் சிரிக்க மாட்டார். எழுந்து கழிவறைப் பக்கம் போவார்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு. நானும் சேகரும் மேருவுக்குப் போய் ரைஸ் குக்கர் பெட்டி நானூறையும் வெட்டினோம். பதினொன்றரைக்கு சாந்தி போன் செய்து, மாப்பிள்ளை வீட்டார் தை மாதத்தில் தேதி பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்றாள். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ரிப்போர்ட்டில் 'எழுத்து சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.