வெங்காயக் கச்சேரி

இந்த ஞாயிற்றுக்கிழமை வெங்காயத்தில் கை வைப்பதில்லை என்று உத்திராபதி சபதம் எடுத்தார். குன்னத்தில் ஓவிய வாத்தியார் அவர். சொந்தக் காட்டில் விளைந்த சின்ன வெங்காயம் கூடத்தில் மலையாகக் குவிந்திருந்தது. திங்கள் காலை செட்டிகுளம் வெங்காய மண்டிக்கு வண்டி. அதற்குள் ஒவ்வொன்றின் தலையிலும் காய்ந்து நிற்கும் தாளை அரிந்தாக வேண்டும். அரிய வேண்டியவர் உத்திராபதி என்பது மனைவி ஜெயசுதாவின் தீர்ப்பு.

தப்பிக்கக் கலையே துணை. ஞாயிறன்று வீட்டில் கண்காட்சி என்று தலைமையாசிரியரை அழைத்துவிட்டு, தட்டு, மூடி, கரண்டி எல்லாவற்றையும் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

"என்னங்க இது? சோறு எதுல போடறது?"

"தொட்டுப் பாரு. தொட்டாத்தான் கலை."

"யாரு சொன்னா?"

"வெளிநாட்டுல சங்கீதத்த வெச்சு சோதனை பண்ணாங்க. மேடையேறி சும்மா உக்காந்துட்டாங்க. சனங்க இருமுனது, தும்முனதுதான் கச்சேரி."

"அடிக்காமயா வுட்டாங்க?"

"கை தட்டுனாங்கடி! அப்புறம் ஸ்வரத்துக்குப் பதிலா, 'இதைச் செய்'னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. யாரு வேணா செய்யலாம். அதுலேருந்துதான் பாக்க வந்தவனே கை வெச்சு முடிக்கிற கலை வளந்துச்சு."

"அப்ப பண்ணுனவரு?"

"சும்மா இருக்கணும். அதான் சட்டம்."

"பாக்க வந்தவங்க வேலை செய்யணும். பண்ணுனவரு சும்மா இருக்கணும்."

"கற்பூர புத்தி உனக்கு!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாத்தியாருக்கு அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் ராசாங்கத்தை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வந்தால், தட்டுகள் எல்லாம் தாழ இறங்கியிருந்தன. அடியில் சாக்குகள். நடுவில் வெங்காயமும் கத்திகளும். சுவரில் ஜெயசுதாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'ஒன்று எடுக்கவும். தாளை அரியவும். தட்டில் எறியவும். கேட்கவும்.'

உத்திராபதி சீட்டை இரண்டு முறை படித்தார். ராசாங்கம் ஒன்றை அரிந்து எறிந்தார். டங் என்று தட்டில் பட்டுச் சாக்கில் விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அருமை சார்!" என்று சப்பணமிட்டு உட்கார்ந்தார். சத்தம் கேட்டு வந்த தெருக்காரர்களும் உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் பாதி மலை கரைந்தது. உத்திராபதியின் கண் நிறைந்தது. அதில் பாதி வெங்காயத்தால்.

எல்லோரும் போனதும், "மீதிய நீ அரிஞ்சிடு. பண்ணுனவன் கை வெக்கக் கூடாது" என்றார்.

"சீட்டு எழுதுனது யாரு?"

"நீதான்."

"தட்ட எறக்கிக் கட்டுனது?"

"அதுவும்... நீதான்."

ஜெயசுதா சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். கத்தியை அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்ப பண்ணுனவ நானு. நீங்க பாக்க வந்தவரு."